சீனி சேராத பண்டிகை பிஸ்கட்: கடைக்காரர்கள் அறிய வேண்டியவை

ஆயுத பூசைக்குப் பொரி, கடலை விற்று முடித்த கையோடு தீபாவளிச் சரக்குக்கு நாம் தயாராகிறோம். கடலை மாவு, ரவை, மைதா, சீனி, நெய், எண்ணெய் என்ற வழக்கமான பட்டியலோடு இப்போது வாடிக்கையாளர்கள் இன்னொன்றையும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். "சீனி போடாத பிஸ்கட் இருக்கிறதா? ஆயுர்வேத முறையில் செய்தது இருக்கிறதா?" என்பதே அந்தக் கேள்வி. தீபாவளியில் தொடங்கும் இந்தக் கிராக்கி கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வரை நீடிக்கிறது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, சுக்கு, ஏலம், கேழ்வரகு ஆகிய யாவும் நமது மளிகைக் கடைச் சரக்குகளே. ஆகவே இது நமக்கு நல்ல வியாபாரம். ஆனால் விவரம் தெரியாமல் இறங்கினால் நல்ல பெயரையும் பணத்தையும் சேர்த்து இழக்க நேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது கடையிலேயே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு பேக்கரியிலிருந்து வெல்லம் போட்டுச் செய்த பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கி தீபாவளிக்கு அடுக்கினோம். உறை மீது 'ஆயுர்வேத பிஸ்கட் – சர்க்கரை இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. நாமும் அதையே வாயால் சொல்லி விற்றோம். இரண்டே நாளில் சரக்கு பாதிக்கு மேல் போய்விட்டது. தீபாவளி முடிந்த மறுவாரம், பல ஆண்டுகளாக நம்மிடம் மாதச் சாமான் வாங்கும் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, அப்பாவுக்குச் சர்க்கரை வியாதின்னு உங்களுக்கே தெரியும். சர்க்கரை இல்லைன்னு போட்டிருந்ததாலதானே வாங்கிக் கொடுத்தேன்?" என்றார். பெரியவர் நாளுக்கு ஏழெட்டு வீதம் நான்கு நாள் தின்றிருக்கிறார். மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. நல்ல வேளையாக அவர் தேறி வீடு திரும்பினார். அந்த அம்மாள் சண்டை போடவில்லை, வழக்குப் போடவில்லை. ஆனால் நமக்கு அன்று சொல்லப் பதில் இல்லை. மீதமிருந்த பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இந்தச் சரக்கைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ளாமல் இனி விற்பதில்லை என்று முடிவு செய்தோம். அவ்வாறு தெரிந்துகொண்டதை வணிக நண்பர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

சர்க்கரை என்ற சொல்லில் உள்ள சிக்கல்

தமிழில் இந்த ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு. தென் மாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்கிறோம். கொங்குப் பகுதியில் அதே பொருளைச் சர்க்கரை என்றே கேட்பார்கள். பழைய தலைமுறை வியாபாரிகள் அதை அஸ்கா என்றார்கள். ஒடிசா மாநிலம் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள அஸ்கா என்ற ஊரின் ஆலையிலிருந்து வந்த சரக்கினால் ஏற்பட்ட பெயர் அது. சர்க்கரைப் பொங்கலில் போடுவதோ வெல்லம். நோயின் பெயரும் சர்க்கரை. எனவே 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதினால் எழுதியவர் நினைப்பது 'வெள்ளைச் சீனி சேர்க்கவில்லை' என்பதை. படிக்கும் நோயாளி புரிந்துகொள்வது 'நமக்கு ஆகும்' என்பதை. இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எம்-30, எஸ்-30 என்று மூட்டை மூட்டையாக வாங்கி விற்கும் சீனியில் பெரும்பகுதி, தொழில் கணக்கில் 'சுத்திகரித்த சர்க்கரை' அல்ல. கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டு தெளிய வைத்து ஆலையில் நேரடியாக எடுக்கும் வெள்ளைச் சர்க்கரை அது. அதை மீண்டும் கரைத்து, வடித்து, நிறம் நீக்கிப் படிகமாக்கினால்தான் சுத்திகரித்த சர்க்கரை. பொதுமக்கள் வழக்கில் இரண்டும் ஒன்றுதான். விவரம் கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் சரியாகச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

வெல்லம் என்பதும் சர்க்கரையே

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே இனிப்புதான். வெல்லத்தில் சுக்ரோஸ் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மொத்த இனிப்பு 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதே உணவுத் தர விதி. அதாவது இனிப்பு குறைந்த வெல்லம் தரம் குறைந்த வெல்லம் என்றுதான் சட்டமே சொல்கிறது. எஞ்சிய பங்கில் ஈரம், தாது உப்புகள், கரும்பின் நிறம், மணம் ஆகியவை இருக்கின்றன. சீனியில் இல்லாத இரும்பு முதலிய சத்துகள் வெல்லத்தில் உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு பிஸ்கட்டில் சேரும் சிறிய அளவு வெல்லத்தால் கிடைக்கும் சத்து மிகச் சிறிது. சர்க்கரை நோயாளியின் உடம்பு வெல்லத்தையும் சீனியையும் பெரிதாக வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆகவே வெல்ல பிஸ்கட்டை விற்க நமக்குள்ள நியாயமான காரணங்கள் இவையே: மணமும் சுவையும் நன்றாக இருக்கின்றன, சிறுதானியம், நெய், சுக்கு, ஏலம் சேருவதால் பண்டம் தரமாக இருக்கிறது, நம் பக்கத்து விவசாயியும் பனைத் தொழிலாளியும் பிழைக்கிறார்கள். இவற்றைச் சொல்லி விற்றாலே போதும். நோயாளிக்கு ஆகும் என்று சொல்லி விற்கக் கூடாது.

ஆயுர்வேதம் என்ன சொல்கிறது?

அடுப்பில் சுட்ட பிஸ்கட் ஆயுர்வேத நூல்களில் இல்லை. ஆனால் பருவத்துக்கு ஏற்ற உணவு என்ற கொள்கை அங்கே விரிவாக இருக்கிறது. முன்பனிக் காலத்தில் செரிமான சக்தி பலமாக இருக்கும், அப்போது நெய்ப்பும் இனிப்பும் கொண்ட கனமான உணவு பொருந்தும் என்று சரகரும் வாக்படரும் கூறுகிறார்கள். கோதுமை, உளுந்து மாவுப் பண்டங்கள், கரும்பிலிருந்து வரும் பொருட்கள், பால் பொருட்கள் ஆகியவற்றை வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் அந்தப் பருவத்துக்குப் பரிந்துரைக்கிறது. கோதுமை மாவு, நெய், வெல்லம், சுக்கு சேர்ந்த பண்டம் குளிர்காலப் பண்டிகைக்குப் பொருந்துவதற்கான அடிப்படை இதுதான்.

ஆனால் 'வெள்ளைச் சர்க்கரை கூடவே கூடாது' என்பது அந்த நூல்களின் கட்டளை அல்ல. கரும்புச் சாற்றிலிருந்து குடம் என்ற வெல்லம், அதற்கு மேல் கண்டம், அதற்கு மேல் சர்க்கரை என்று படிப்படியாகத் தெளிவு கூடக் கூடக் குளிர்ச்சியும் கூடும் என்றுதான் சரகர் வரிசைப்படுத்துகிறார். புது வெல்லம் கபத்தைக் கூட்டும், பழைய வெல்லமே நல்லது என்பதும் அந்த மரபில் உள்ள கருத்து. வைத்தியர் சீட்டோடு 'பழைய வெல்லம்' கேட்டு வருபவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் பொருள் இதுவே.

தேன் விஷயம் இன்னும் முக்கியமானது. சீனிக்குப் பதிலாகத் தேனை ஊற்றி அடுப்பில் சுட்டு அதற்கு ஆயுர்வேதப் பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தேனைச் சூடாக்கி உண்ணக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் தெளிவான விதி. தேன் சேர்த்துச் சுட்ட பண்டத்துக்கு அந்தப் பெயரே பொருந்தாது.

சரக்கு வாங்கும்போது

இந்த பிஸ்கட்டின் தரம் வெல்லத்தில்தான் இருக்கிறது. வெல்ல வியாபாரத்தில் நீண்ட காலமாக உள்ள கோளாறு நிறத்தைப் பற்றியது. வாடிக்கையாளர் பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் கேட்கிறார் என்று மண்டிக்காரர் சொல்கிறார். மண்டியில் அதற்குத்தான் விலை என்று காய்ச்சுபவர் சொல்கிறார். அதற்காகக் கொப்பரையில் ஹைட்ரோஸ் என்ற கந்தக உப்பைக் கொட்டுகிறார்கள். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து இலட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரம்பைத் தாண்டிய சரக்கு ஆய்வில் சிக்கினால் விற்ற நாமும் பதில் சொல்ல வேண்டும். வெல்லம் காய்ச்சும் இடங்களில் வெள்ளைச் சர்க்கரை மூட்டைகள் கைப்பற்றப்பட்ட செய்திகளையும் பத்திரிகைகளில் பல முறை பார்த்திருக்கிறோம். சீனியைக் கரைத்து ஊற்றிய வெல்லத்தில் பிஸ்கட் செய்து 'சீனி சேராதது' என்று விற்றால் அது இரட்டைப் பொய்யாகிவிடும்.

எனவே கொள்முதலில் கவனிக்க வேண்டியவை:

1. நிறம்: நல்ல வெல்லம் பழுப்பு அல்லது அடர்ந்த பொன்னிறமாக இருக்கும். எலுமிச்சை மஞ்சளாகவோ வெளிறியோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

2. கரைத்துப் பார்த்தல்: ஒரு துண்டைக் கண்ணாடி தம்ளர் தண்ணீரில் கரைத்து வைத்தால் சுண்ணாம்புத் தூள் கலந்திருப்பின் வெள்ளையாக அடியில் தங்கும். மண்ணும் சக்கையும் தெரிந்துவிடும்.

3. உடைத்துப் பார்த்தல்: நாட்டுச் சர்க்கரையை வெயிலில் பிடித்துப் பார்த்தால், சீனி கலந்திருப்பின் மணிகள் தனியாக மின்னும். கருப்பட்டியையும் உடைத்து உட்புறம் பார்த்து, வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். பதநீரின் மணமும் இலேசான உவர்ப்பும் இல்லாமல் வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் அது சந்தேகச் சரக்கு.

4. ஈரம்: கையில் பிசுபிசுக்கும் வெல்லம் பிஸ்கட்டுக்கு ஆகாது. எடையிலும் நட்டம், சுட்ட பண்டமும் விரைவில் நமுத்துப் போகும்.

5. சிட்டை: யாரிடம் வாங்கினாலும் ரசீது வாங்க வேண்டும். உணவுச் சட்ட உரிம எண் ரசீதில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. சரக்கு தரமானது என்ற படிவம் 'இ' உத்தரவாதத்தையும் கேட்டுப் பெற்று வைத்துக்கொண்டால், நாளைக்கு மாதிரி எடுக்கப்பட்டால் நமக்கு அது கைகொடுக்கும்.

நாட்டுச் சர்க்கரைக்கு ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி பெயர் பெற்றது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் சரக்கு போகிறது. திண்டுக்கல் மாவட்டம் நெய்க்காரப்பட்டி, நாமக்கல் மாவட்டம் பிலிக்கல்பாளையம் ஆகிய சந்தைகளும் நம் வியாபாரிகள் அறிந்தவையே. கருப்பட்டிக்கு உடன்குடி. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. பதநீர் இறங்குவது கோடைப் பருவத்தில்தான். தீபாவளிக்கு விற்கும் கருப்பட்டி முன்பே காய்ச்சி இருப்பில் உள்ளது. ஐப்பசியில் தேடிப் போனால் விலையும் ஏறியிருக்கும், கலப்படமும் கூடியிருக்கும். முடிந்தவர்கள் பருவத்திலேயே வாங்கிக் காற்றுப் புகாத தகரத்தில் வைத்துக்கொள்வது இலாபம்.

வாசனைச் சரக்கில் ஏலக்காய் பொடிக்கத்தான் போகிறோம் என்பதால் பெரிய 8 மில்லிமீட்டர் காய் தேவையில்லை. மணம் குறையாத சிறிய காயோ, தோல் வெடித்த காயோ போதும். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். சுக்கு வெளுப்பாக இருக்க வேண்டும் என்று சுண்ணாம்பு பூசிய சரக்கு வரும். பொடிக்கு அது வேண்டாம். தோல் நீக்கிய, பூச்சு இல்லாத சுக்கே ஏற்றது. பட்டையிலும் இரு வகை உண்டு. மெல்லிய தாளாகச் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை; தடித்து முரடாக இருப்பது காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. இரண்டுக்கும் விலையும் மணமும் வேறு.

செய்முறையும் அதன் காரணங்களும்

அடுமனை வைத்திருப்பவர்களும், வீட்டிலிருந்து செய்து தரும் மகளிர் குழுக்களிடம் வாங்குபவர்களும் கீழ்க்கண்ட அளவை அடிப்படையாகக் கொள்ளலாம்.

கோதுமை மாவு 500 கிராம், கேழ்வரகு மாவு 250 கிராம், சலித்த நாட்டுச் சர்க்கரை 350 கிராம், நெய் 350 கிராம், சுக்குத் தூள் 5 கிராம், ஏலத் தூள் 5 கிராம், சமையல் சோடா 3 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பிசைய வேண்டிய அளவு மட்டும் பால்.

கேழ்வரகு மாவைப் பச்சை வாசனை போக இலேசாக வறுத்து ஆறவிட வேண்டும். உறைந்த நெய்யையும் நாட்டுச் சர்க்கரையையும் முதலில் நன்றாகக் குழைக்க வேண்டும். மாவு, சோடா, உப்பு, வாசனைத் தூள்களை ஒன்றாகச் சலித்துச் சேர்த்து, அழுத்திப் பிசையாமல் திரட்டி, தேவைப்பட்டால் மட்டும் கரண்டி கரண்டியாகப் பால் தெளிக்க வேண்டும். 20 கிராம் உருண்டைகளாக்கித் தட்டி, 160 டிகிரி வெப்பத்தில் 18 முதல் 22 நிமிடம் சுட வேண்டும். மேற்கண்ட அளவுக்கு ஏறத்தாழ 75 பிஸ்கட் வரும்.

சீனிக்குப் பதிலாக வெல்லத்தை அப்படியே போட்டால் ஏன் கெட்டுப்போகிறது என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, சீனியின் கூரிய மணிகள் நெய்யோடு குழையும்போது சிறு சிறு காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கும். பிஸ்கட் பொரபொரப்பாக வருவதற்கு அதுவே காரணம். வெல்லத்துக்கு அந்தக் குணம் குறைவு. பாகு காய்ச்சி ஊற்றினால் காற்றும் சேராது, மாவும் இறுகிக் கல்லாகிவிடும். ஆகவேதான் உலர்ந்த நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடச் சொல்கிறோம். கருப்பட்டியானால் நன்றாகச் சீவி, உலர்த்தி, பொடித்துச் சலிக்க வேண்டும்.

இரண்டாவது, வெல்லத்தில் சுக்ரோஸ் உடைந்து உண்டாகும் குளுக்கோஸ், பிரக்டோஸ் இனிப்புகளும் உண்டு. இவை விரைவில் சிவந்துவிடும். சீனி பிஸ்கட்டுக்கு வைக்கும் 180 டிகிரியில் வைத்தால் அடி கருகும், உள்ளே வேகாது. சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது இதனால்தான். கேழ்வரகின் நிறத்தால் சிவந்தது கண்ணுக்குத் தெரியாது. ஓரம் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அதே இனிப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தீபாவளி அடைமழைக் காலம். சுட்ட பண்டத்தைச் சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்து, நமுத்து, பூசணம் பிடிக்கும். முழுதும் ஆறிய பிறகே காற்றுப் புகாத தகரத்திலோ கனமான உறையிலோ அடைக்க வேண்டும். நம் அனுபவத்தில் இவ்வாறு அடைத்தது மூன்று வாரம் வரை நன்றாக இருந்தது. ஒவ்வொருவரும் தம் சரக்கைச் சோதித்துப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

நான்காவது, கேழ்வரகு, கம்பு, தினை மாவுகளில் கோதுமையின் பசைச் சத்து கிடையாது. முழுதும் சிறுதானியத்தில் செய்தால் பெட்டியில் போவதற்குள் தூளாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு கோதுமை இருந்தால் உடையாது.

நெய்க்குப் பதிலாக வனஸ்பதி போட்டு ஆயுர்வேதம் என்று சொல்வது முறையல்ல. கொழுப்பு எண்ணெய் வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நெய் விலை கட்டவில்லையென்றால் அளவைக் குறைத்துச் சிறிய பெட்டியாக விற்கலாம். பொருளை மாற்றிப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது வேண்டாம்.

இந்த அளவில் ஒரு பிஸ்கட்டில் ஏறத்தாழ 5 கிராம் நாட்டுச் சர்க்கரை, அதாவது ஒரு தேக்கரண்டி இருக்கிறது. அந்தப் பெரியவர் நாளுக்கு எட்டு தின்றபோது எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை தின்றிருக்கிறார். 'சர்க்கரை இல்லாதது' என்ற உறையை நம்பித் தின்றிருக்கிறார். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாளின் கேள்வி நமக்கு முழுதாகப் புரிந்தது.

உறை மீது எதை எழுதலாம்?

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் போய், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வந்த 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுத வேண்டுமானால் எந்த வகை இனிப்பும் சேர்த்திருக்கக் கூடாது. தேன், வெல்லப்பாகு போன்றவையும் இந்தக் கணக்கில் வரும். ஆகவே வெல்ல பிஸ்கட்டில் அந்த வாசகத்தை எழுத முடியாது.

'ஆயுர்வேத' என்ற சொல்லுக்கும் தனி விதி இருக்கிறது. 2022 மே மாதம் ஆயுர்வேத ஆகார விதிகள் அறிவிக்கப்பட்டன. சட்டம் ஏற்றுக்கொண்ட பழைய நூல்களில் கூறிய முறைப்படி செய்து, உரிய உரிமம் பெற்று, அதற்கென உள்ள முத்திரையோடு விற்பதற்கே அந்தப் பெயர். சுக்கும் ஏலமும் சேர்த்துவிட்டோம் என்பதால் மட்டும் நாமாக ஆயுர்வேத பிஸ்கட் என்று அச்சிடக் கூடாது. தவறான விவரக்குறிப்புள்ள உணவுக்கு 3 இலட்சம் ரூபாய் வரையும், மக்களைத் தவறாக நம்ப வைக்கும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும் அபராதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கடைவாசலில் சாக்பீசால் எழுதும் பலகையும் விளம்பரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் என்ன எழுதுவது? 'நாட்டுச் சர்க்கரை – கேழ்வரகு நெய் பிஸ்கட்' என்று எழுதலாம். 'சுக்கும் ஏலமும் சேர்த்தது' என்று எழுதலாம். உள்ளதை உள்ளபடி சொல்லும் பெயரே வாடிக்கையாளரை ஈர்க்கிறது என்பது நம் அனுபவம். உறையில் சேர்மானங்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில், நிகர எடை, விலை, தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சைவக் குறி, மொத்த இனிப்பும் சேர்த்த இனிப்பும் அடங்கிய சத்து விவரம், கோதுமை, பால் பொருள் உள்ளது என்ற எச்சரிக்கை ஆகியவை இடம்பெற வேண்டும். உதிரியாக வைத்து விற்கும் இனிப்புப் பண்டங்களுக்கு எந்த நாள் வரை உண்ணலாம் என்று தட்டருகே எழுதி வைப்பது 2020 அக்டோபர் முதல் விதி. கடையில் வாங்கி விற்பதற்கு எடுத்த பதிவைக் கொண்டு தயாரிக்கவும் செய்யக் கூடாது. தயாரிப்பு என்ற வகையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை, உதிரியாக விற்கும் வெல்லத்துக்கு வரி இல்லை. 25 கிலோ வரையுள்ள, முன்னரே அடைத்து விவரச் சீட்டு ஒட்டிய வெல்லத்துக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் வந்தது. 30 கிலோ சிப்பமாக வாங்கி உதிரியாக நிறுத்து விற்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம். பிஸ்கட்டுக்கு 18 சதவீதமாக இருந்த வரியும், நெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தன. பண்டிகை விலை போடும் முன் தங்கள் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கடையில் சொல்ல வேண்டியது

இப்போதும் நமது கடையில் இந்த பிஸ்கட் விற்கிறோம். ஆனால் கல்லாவுக்கு அருகில், கண்ணில் படும்படி ஓர் அட்டையில், 'இதில் நாட்டுச் சர்க்கரை சேர்ந்துள்ளது. ஒரு பிஸ்கட்டில் ஒரு தேக்கரண்டி அளவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்ணவும்' என்று எழுதி வைத்திருக்கிறோம். இதனால் வியாபாரம் குறையும் என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். நோயாளிக்கென்று கேட்டு வந்த சிலர் வாங்காமல் போனது உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் வாங்குபவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, "மற்ற சரக்கையும் இப்படித்தான் சொல்லி விற்பீர்கள்" என்று சொல்லி வாங்கினார்கள். அந்த அம்மாளும் நம் கடையை விட்டுப் போகவில்லை. சென்ற கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க நான்கு பெட்டி வாங்கினார். அப்பாவுக்கு மட்டும் பொரியும் வறுத்த கடலையும் வாங்கிக்கொண்டார்.

நண்பர்கள் இந்த ஆண்டு இந்தச் சரக்கில் இறங்குவதாக இருந்தால் முதலில் ஐந்து கிலோ மாவுக்குச் செய்து, பதினைந்து நாள் கடையிலேயே வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். நமுக்காமல், நிறம் மாறாமல் இருந்தால் பிறகு பெரிய அளவில் செய்யலாம். உறைகளை மொத்தமாக அச்சிடும் முன் வாசகத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ நம் சங்க அலுவலகத்திலோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அச்சிட்டு முடித்த உறைகளைக் கிழித்துப் போடும் செலவு என்ன என்பது நமக்குத் தெரியும்.